முதுகு காட்டிய சூரியகாந்திகள்

மெக்கானிக் படுத்த படுக்கையான மூன்றாவது மாதம், அவன் மனைவி கடப்பாரையைக் கையில் எடுத்தாள்.

வீட்டின் கிழக்குப் பக்கம் நாலு கட்டில் போடுமளவுக்குக் காலி இடம். முப்பத்தொரு வருஷமாக அங்கே ஒரு புல்கூட முளைத்ததில்லை. முளைக்க விட்டால்தானே! உயிர் போன எஞ்சின்கள், பல் கொட்டிய கியர்கள், வழுக்கையான டயர்கள் என்று பட்டறைக் கழிசல் முழுக்க அங்கேதான் வந்து குடியேறும். பழைய இரும்புக்காரரை வரவழைத்து, அத்தனையையும் ஒரே பகலில் வண்டியேற்றி அனுப்பினாள். கடைசியாக ஜீப் எஞ்சின் போனபோது, உள்ளே கட்டிலில் கிடந்தவன் "ஆ... ஆ..." என்று குரல் கொடுத்தான். அவன் வாயில் மிச்சமிருந்த பேச்சு அது ஒன்றுதான்.

"என்ன, எடுக்கக் கூடாதா? எந்திரிச்சு வந்து தடுத்துக்கோ" என்றாள்.

இந்த நீ, வா, போ எல்லாம் புதுப் பழக்கம். கல்யாணமான நாள் முதல் "என்னங்க", "வாங்க", "சாப்பிடுங்க" என்றுதான் பேசுவாள். ஆஸ்பத்திரியில், இனிப் பேச்சு வருவது சிரமம் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போன ஐந்தாவது நிமிஷம், "கொஞ்சம் நகந்து படு" என்றாள். சொல்லிவிட்டு அவளே திடுக்கிட்டாள். ஆனால் வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. அன்றிலிருந்து, யாராவது பக்கத்தில் இருந்தால் "அவர்", யாரும் இல்லாவிட்டால் "நீ".

தெருவில் அவளை டெய்லரக்கா என்பார்கள். பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைப்பவள். முன் அறையில் மிஷின், நடு அறையில் மெக்கானிக், பின்னால் சமையலறை. வீடு அவ்வளவுதான். அவள் தைத்த நிஜாரைப் போட்டுக்கொண்டு பையன்கள் மதில் மேல் சறுக்கினாலும் துணி கிழியுமே தவிர, தையல் விடாது என்று பெயர்.

பூச்செடி ஆசை அவளுக்கு எங்கிருந்து ஒட்டிக்கொண்டதோ தெரியாது. கல்யாணமான புதிதில் ஜன்னலடியில் நாலு ரோஜாப் பதியன் வைத்தாள். முதல் மொட்டு வந்த அன்று, எஞ்சினிலிருந்து வடித்த கறுப்பு ஆயிலை ஒரு வாளி நிறையக் கொண்டுவந்து வேரில் ஊற்றினான் மெக்கானிக். "வண்டி நிறுத்த இடமில்லாம கிடக்கு, இதுல உனக்குப் பூ கேக்குதா?" பத்து வருஷம் கழித்து, வெட்கம் கெட்ட ஆசை மறுபடி தலைதூக்க, மூலையில் டேலியாக் கிழங்கு புதைத்தாள். முதல் பூ சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு விரிந்தது. மறுநாள் காலை செடி வேரோடு வெளியே கிடந்தது. கேட்டதற்கு, "ஆடு மேஞ்சிருக்கும்" என்றான். கேட் பூட்டியிருந்தது. ஆடு மதிலேறிக் குதித்து, செடியைப் பிடுங்கி, மண்ணை உதறி, ஓரமாக வைத்துவிட்டுப் போயிருக்கிறது! அவன் நகக்கண்ணில் மண் இருந்தது. அதைச் சொன்னதற்கு அதே கையால் வாங்கிக் கட்டிக்கொண்டாள். ஒரு வாரம் காதில் இரைச்சல் நிற்கவில்லை.

அந்தக் கைதான் இப்போது வாதத்தில் விழுந்து கிடந்தது. இன்னொரு கை, போன வருஷம் எஞ்சின் விழுந்து நசுங்கியதிலிருந்தே எதையும் பிடிக்காது. ஆகவே அவள் போட்டது தோட்டம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அது அவனுக்குத் தண்டனை.

எண்ணெய் ஊறிய கறுப்பு மண்ணை முழங்கால் ஆழத்துக்கு வெட்டி எடுத்துவிட்டு, புது மண் நிரப்பினாள். உள்ளங்கை கொப்புளித்து, ஊசி பிடிக்க முடியாமல் நாலு நாள் மிஷின் சும்மா கிடந்தது. பிறகு கட்டிலை ஜன்னலை ஒட்டி இழுத்துப் போட்டாள். ஜன்னலின் கம்பிகள் அவனே வெல்டிங் வைத்தவை. தலையணையை உயர்த்தி, விழுந்த கை ஜன்னல் பக்கம் வரும்படி அவனைப் படுக்க வைத்தாள். அவன் கழுத்தும் அந்தப் பக்கம் மட்டும்தான் திரும்பும். கண்ணைத் திறந்தால் தோட்டம் என்று ஆகிவிட்டது.

"பாரு. நாள் பூரா பாரு. பூன்னா உனக்கு ஆகாதில்ல?"

ஒரு மணி நேரம்கூட அவனுக்கு லீவு கிடைத்துவிடக் கூடாது என்று யோசித்து யோசித்து விதைத்தாள். வெயில் ஏறியதும் விரிய பத்துமணிப் பூ. பகல் முழுக்க ஜினியா, செண்டுப்பூ. வெயில் தாழ்ந்தால் அந்திமந்தாரை. எல்லாவற்றுக்கும் முன்னால், ஜன்னலிலிருந்து கை நீட்டும் தூரத்தில், வரிசையாகப் பன்னிரண்டு சூரியகாந்தி. பன்னிரண்டு முகமும் அவனை உற்றுப் பார்க்க வேண்டும். பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அதை நினைத்தாலே அவளுக்கு வயிறு குளிர்ந்தது.

கோடை பிறந்த முதல் வாரத்தில் தோட்டம் சொல்லிவைத்த மாதிரி எழுந்தது. பாக்கெட்டில் சிவப்பு என்று போட்டிருந்த டேலியா வெள்ளையாகப் பூத்து ஏமாற்றியது. ஆனாலும் ஏமாற்றிய அழகுக்காக அதை மன்னித்தாள். விதைக்காத இடத்தில் ஒரு ஜினியா, அதுவும் யாரும் கேட்காத கத்தரிப்பூ நிறத்தில், கேட் ஓரம் முளைத்துப் பூத்தது. பத்துமணிப் பூவுக்கு மணி தெரியவில்லை, ஒன்பதுக்கே விரிந்தது. தினமும் மிஷினை நிறுத்திவிட்டு ஓடிவந்து பார்ப்பாள். ஐம்பத்து மூன்று வயதில் அவளுக்கு இப்படி ஒரு காலம் வரும் என்று யார் நினைத்தார்கள்? சந்தோஷத்தில் இரண்டு சுற்று சதை போட்டாள்.

சூரியகாந்திகள் ஜன்னல் உயரம் வளர்ந்து மொட்டு வைத்தன. காலையில் மொட்டெல்லாம் கிழக்கே பார்க்கும். வெயிலோடு நகர்ந்து நகர்ந்து, சாயங்காலம் மேற்கே, நேராக ஜன்னலைப் பார்க்கும். பன்னிரண்டு மொட்டும் கம்பி வழியே மெக்கானிக்கை முறைப்பதை அவள் இடுப்பில் கை வைத்து நின்று ரசித்தாள்.

"பாத்தியா? மொட்டிலேயே எப்படிப் பாக்குதுங்க. பூத்தா என்ன ஆவ?"

அங்கேதான் அவள் மூக்கு உடைந்தது. சூரியகாந்தி மொட்டாக இருக்கும்வரைதான் வெயிலோடு சுற்றும். பூத்துவிட்டால் கிழக்கே திரும்பி நின்றுவிடும். அப்புறம் சூரியனே கூப்பிட்டாலும் திரும்பாது. தையல்காரிக்கு இது எப்படித் தெரியும்? பன்னிரண்டும் ஒரே வாரத்தில் விரிந்தன, பன்னிரண்டும் அடுத்த வீட்டைப் பார்த்து. மெக்கானிக்குக் கிடைத்தது பன்னிரண்டு பச்சை முதுகு.

அடுத்த வீட்டில் இருந்தவர் ரிட்டயரான பஸ் கண்டக்டர். முதல் டிரிப் பழக்கம் இன்னும் விடாமல், இருட்டு பிரிவதற்குள் எழுந்து மொட்டை மாடியில் நடப்பவர். மதிலுக்கு மேலே தலையை நீட்டி, "அக்கா, என் வீட்டுக்குன்னே வச்சீங்களா? கண்ணைப் பறிக்குது போங்க!" என்றார்.

"ஆமா, உங்களுக்காகத்தான்" என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

விட மனசில்லை. யூனிஃபார்ம் துணியில் நாடா கிழித்து, ஒரு பூவின் கழுத்தில் கட்டி, ஜன்னல் கம்பியோடு சேர்த்து இழுத்தாள். திரும்பியது. இன்னும் கொஞ்சம் இழுத்தாள். 'மடக்' என்று தண்டு ஒடிந்து, பூ அவள் கையோடு வந்துவிட்டது. உள்ளேயிருந்து ஒரு சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தாள். மெக்கானிக் சிரித்துக்கொண்டிருந்தான். பாதி வாய் தொங்க, மீதி வாயால் சிரித்தான்.

முப்பத்தொரு வருஷத்தில் அவன் அடித்ததைக்கூட மறந்துவிடலாம். அந்த அரைவாய்ச் சிரிப்பை அவளால் மறக்க முடியவில்லை. அன்று ராத்திரி பாலை ஆற்றாமல் கொடுத்தாள்.

"சிரி. பூகூட உனக்கு முதுகைத்தான் காட்டுது. அதைப் பாத்துக்கிட்டே கிட."

வாரம் இரண்டு நாள், கை கால் பயிற்சி கொடுக்க ஒரு தெரபிஸ்ட் வருவாள். நாற்பதைத் தாண்டிய, பருத்த, வாய் ஓயாத பெண். "ஒன், டூ, ஒன், டூ" என்று எண்ணிக்கொண்டே பயிற்சி கொடுப்பதால் தெருவில் அவளுக்கு ஒன்-டூ அம்மா என்றே பெயர். அவள்தான் ஒரு எவர்சில்வர் டம்ளரைக் கேட்டு வாங்கி ஜன்னல் திண்டில் வைத்தாள்.

"இதை அவர் பிடிச்சுப் பிடிச்சு விடணும்க்கா. ஒரு நாளைக்கு அம்பது தடவை. நீங்க கூட இருந்து செய்ய வைக்கணும்."

"அதுக்கென்ன, செஞ்சுட்டாப் போச்சு" என்றாள் டெய்லரக்கா. செய்ய வைக்கவில்லை. மறக்கவும் இல்லை. வேண்டுமென்றேதான்.

ஆனால் இரண்டு வாரத்தில் ஒன்-டூ அம்மா அவன் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டுக் கூவினாள். "அக்கா, இங்க வாங்க! விரல் மடங்குது! கட்டை விரல்ல பிடி வந்திருக்கு! என்னக்கா பண்ணீங்க?"

"நான் ஒண்ணும் பண்ணலையே."

"சும்மா சொல்லாதீங்க. இதெல்லாம் தானா வராது. இப்படியே போனா மழைக்காலத்துக்குள்ள வாக்கரைப் பிடிச்சு நின்னுடுவார் பாருங்க. எல்லாம் உங்க கைராசி. தோட்டத்தையும் எழுப்பினீங்க, மனுஷனையும் எழுப்பிட்டீங்க."

டெய்லரக்கா அந்தக் கட்டை விரலையே பார்த்தாள். நிற்பானா? நின்றால் நடப்பான். நடந்தால் வாசல்படி தாண்டுவான். தாண்டினால் என்ன நடக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மழைக்காலத்துக்கு இன்னும் நாலு மாதம். அவளுடைய தோட்டத்துக்கும் அவ்வளவுதான் ஆயுசு என்று தோன்றியது. டேலியாவைப் பார்த்தாள். காதில் பழைய இரைச்சல் கேட்டது.

கை எப்படி வந்தது என்று ஓரளவு அவளுக்குத் தெரியும். பத்து நாளாக, விடிந்தும் விடியாத நேரத்தில், நடு அறையிலிருந்து டம்ளர் சத்தம். கம்பியில் டம்ளர் மோதும் சத்தம். முதல் நாள் மெதுவாக, இடைவெளி விட்டு இரண்டு தட்டு. பிறகு நாலு, பத்து. இப்போதெல்லாம் 'டங்கு டங்கு டங்கு' என்று வீடே அதிர்ந்தது.

அந்தச் சத்தம் அவளுக்குப் புதிதல்ல. நல்லாயிருந்த காலத்தில் மெக்கானிக் காலை டீ வேண்டுமென்றால் வாயைத் திறக்க மாட்டான். காலி டம்ளரைத் தரையில் தட்டுவான். மூன்றாவது தட்டுக்குள் டீ வந்தாக வேண்டும். வராவிட்டால் டம்ளர் பறந்து வரும். முப்பத்தொரு வருஷம் அந்தச் சத்தத்துக்குத் துள்ளி எழுந்தவள், இப்போது எழவில்லை. போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு, "தட்டு. நல்லாத் தட்டு. உனக்கு டீ போட இங்க ஆள் கிடையாது" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுப்பாள். அது அவளுக்கு நாளின் முதல் சந்தோஷம். ஏழு மணிக்கு நிதானமாக எழுந்து, தனக்கு டீ போட்டுக் குடித்துவிட்டு, அப்புறம்தான் அவனுடைய அறைக்கே போவாள்.

அப்படிப் போன ஒரு காலையில்தான் அதைப் பார்த்தாள். ஜன்னலுக்குக் கீழே மஞ்சள் இதழ்கள் சிதறிக் கிடந்தன. இரண்டு பூக்கள் பிய்ந்து, நடுவில் நகத்தால் தோண்டியதுபோல் குழி. கம்பிக்கு உள்ளே, படுக்கை விரிப்பில், நாலைந்து இதழ். அவன் கையில் டம்ளர் பிடித்தபடி இருந்தது. விரலிடுக்கில் ஓர் இதழ் ஒட்டியிருந்தது.

"நீயா பிச்ச?"

இல்லை என்று தலையை ஆட்டினான். கையை ஜன்னல் பக்கம் தூக்கி, "ஆ... ஆ..." என்றான். தூக்கினான்! தோள்வரை தூக்கினான். அவளுக்கு அது ஒன்றுதான் கண்ணில் பட்டது.

"இல்லையா? அப்ப ஆடு மேஞ்சுதா?"

அவன் மறுபடி மறுபடி தலையை ஆட்டினான். கண்ணில் தண்ணீர் வந்தது. நோயில் விழுந்ததிலிருந்து அவனுக்கு எதற்கெடுத்தாலும் கண்ணில் தண்ணீர் வரும். அதனால் அவள் அதை ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

"அடப்பாவி. முதல்ல உசிரு வந்த விரலை வச்சு இதையா செஞ்ச? எந்திரிச்சு நிக்கறதுக்குள்ளயே ஆரம்பிச்சுட்டியா?"

மிஷினில் போய் உட்கார்ந்தாள். காக்கி டிரில் துணி, பள்ளிக்கூட நிஜாருக்கு வாங்கியது. இரண்டு மடிப்பு வைத்து, விரல் பிரிக்காத, பை மாதிரி ஓர் உறை வெட்டினாள். ஓரத்தில் இரட்டைத் தையல். மணிக்கட்டில் சுருக்கி இழுத்துக் கட்ட நாடா. பத்து நிமிஷ வேலை. கொண்டுவந்து, டம்ளரைப் பிடுங்கிவிட்டு, அவன் கையை உறைக்குள் திணித்து, நாடாவை மூன்று முடிச்சுப் போட்டாள். அவன் முரண்டு பிடித்தான். விரல்களில் எவ்வளவு பலம் வந்திருக்கிறது என்று அப்போதுதான் அவளுக்கு முழுதாகத் தெரிந்தது. பயத்தில் இன்னொரு முடிச்சும் போட்டாள்.

அப்புறம் கட்டிலை அறையின் எதிர்ச்சுவருக்கு இழுத்து, தலைமாட்டைக் கால்மாடாகத் திருப்பினாள். அவன் கழுத்து திரும்பும் ஒரே பக்கத்தில் இப்போது சுவர். சுண்ணாம்பு உரிந்த சுவர். ஒன்-டூ அம்மாவுக்குப் போன் போட்டு, "அவருக்குக் காய்ச்சல்ங்க. ஒரு மூணு வாரம் போகட்டும், நானே சொல்றேன்" என்றாள். டம்ளரைக் கழுவி சமையலறை மேல் தட்டில் கவிழ்த்து வைத்தாள்.

மறுநாள் விடியலில் டம்ளர் சத்தம் இல்லை. நிம்மதியாகத் தூங்கினாள். ஏழு மணிக்குத் தோட்டத்துக்குப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

பதினொரு சூரியகாந்தியில் ஏழு மொட்டையாகியிருந்தது. இதழ் ஒன்று மிச்சமில்லை. நடு வட்டம் முழுக்க நோண்டி, விதைத் தோல் தரையெல்லாம் இறைந்து கிடந்தது. உள்ளே ஓடினாள். கட்டில் சுவரோரம்தான் இருந்தது. உறை கையில்தான் இருந்தது. நாலு முடிச்சும் அப்படியே இருந்தன.

மதிலுக்கு மேலே கண்டக்டரின் தலை முளைத்தது.

"என்னக்கா, அண்ணனுக்கு உடம்பு முடியலையா? இன்னைக்கு டம்ளர் சத்தத்தைக் காணோம். கிளிங்க வந்து அட்டகாசம் பண்ணிடுச்சு. முப்பது கிளி இருக்கும். நான் மாடியில இருந்து ச்சூ ச்சூன்னு கத்தறேன், ஒண்ணு மதிக்கணுமே!"

"கிளியா?"

"என்ன புதுசாக் கேக்கறீங்க? பூ விரிஞ்சதுலேருந்து தினமும் விடியக்கால வருதே. அண்ணன் டம்ளரால கம்பியில தட்டித் தட்டி விரட்டுவாரே. முதல்ல கையைத் தூக்கவே அவ்வளவு கஷ்டப்படுவாரு, டம்ளர் நழுவிடும், மறுபடி பிடிப்பாரு. அதுக்குள்ள ஒண்ணு ரெண்டு இதழைக் கொத்திடும். அப்புறம் பழகிட்டாரு, நேத்துதான் ரெண்டு பூ தப்பலை. கிளி போனதும் ஒரு தடவை பூவை எல்லாம் எண்ணிப் பாப்பாரு போல, வாய் அசையும். நீங்கதான் அவருக்கு இந்த வேலையைக் குடுத்திருக்கீங்கன்னு நான் நெனச்சேன். நல்ல வேலைதான் குடுத்தாங்க அக்கான்னு வீட்லகூடச் சொன்னேன்."

"ஆமா" என்றாள் டெய்லரக்கா. "நான்தான் குடுத்தேன். அவருக்கு இன்னைக்குக் காய்ச்சல்."

உள்ளே வந்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றாள். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். நாடாவை அவிழ்க்கக் கை போனது. போன கை பாதியில் நின்றது.

தூக்கம் கெடுகிறதே என்று விரட்டியிருப்பான், பூவுக்காகவா விரட்டினான் என்று நினைத்துப் பார்த்தாள். எண்ணினான் என்று கண்டக்டர் சொன்னது அதற்கு ஒத்துவரவில்லை. சரி, பூவுக்காகவே இருக்கட்டும். முப்பத்தொரு வருஷத்துக்குப் பத்து நாள் டம்ளர் தட்டினால் சரியாகிவிடுமா? ஆயில் ஊற்றிய கை இதுதானே? இன்று கிளியை விரட்டும். நாளைக்கு எழுந்து நின்றால் யாரை விரட்டும்? அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. அவன் ஒழுங்காகக் கெட்டவனாக இருந்து தொலைத்திருந்தால் அவளுக்கு ஒரு தொல்லையும் இல்லை. இத்தனை வருஷம் பத்திரமாகச் சேர்த்துவைத்த வெறுப்பை, ஒரு டம்ளரை வைத்துக்கொண்டு கெடுக்கப் பார்க்கிறானே!

'நாளைக்கு அவிழ்க்கலாம்' என்று போய் மிஷினில் உட்கார்ந்தாள்.

மறுநாளும் நாளைக்குத்தான் என்று ஆனது. அதற்கடுத்த நாள் பள்ளி திறக்கும் அவசரத்துக்கு எண்பது நிஜார் வந்து குவிந்தன. மீதியிருந்த நாலு சூரியகாந்தியையும் கிளிகள் முடித்துவிட்டுப் போயின. குளிப்பாட்டும்போதுகூட உறையைக் கழற்றவில்லை. ஈரத்துணியால் மேலோடு துடைத்துவிடுவாள். முதல் வாரம் உறைக்குள் விரல்கள் அசைவது தெரிந்தது. ராத்திரி கதவு திறந்திருந்தால், டிரில் துணி சுவரில் உரசும் சத்தம் முன் அறைவரை கேட்கும். இரண்டாவது வாரம் அது குறைந்தது. மூன்றாவது வாரம் நின்றுவிட்டது. நின்றதும் அவள் கவனித்தாள். கவனித்துவிட்டு, ஊசியில் நூல் கோத்தாள்.

ஒன்-டூ அம்மா சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள். "மூணு வாரம் முடிஞ்சு போச்சு, போனையும் காணோம், ஆளையும் காணோம். இதென்னக்கா, கட்டிலைத் திருப்பிட்டீங்க?"

"வெயில் அடிக்குதுன்னு அவர்தான் கண்ணைக் காட்டினார்."

"கையில என்ன உறை?"

"கொசு. கையில மட்டும் குறி வச்சுக் கடிக்குது."

"எவ்வளவு அழகா இரட்டைத் தையல் போட்டிருக்கீங்க! உங்களை மாதிரி யாருக்கா பாத்துப்பாங்க? நான் போற வீட்ல எல்லாம் பாக்கறேனே, பொண்டாட்டிங்க எட்டிக்கூடப் பாக்கறதில்ல" என்று பேசிக்கொண்டே முடிச்சுகளை அவிழ்த்து உறையை உருவினாள்.

விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கி இறுகியிருந்தன. நகம் வளர்ந்து சதையில் பதிந்திருந்தது. வீச்சம் அடித்தது. ஒன்-டூ அம்மா ஒவ்வொரு விரலாகப் பிரிக்கப் பார்த்தாள். வலிக்குமே என்று அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். "ஒன், டூ" என்று அவள் எண்ணவில்லை.

"வந்துட்டு இருந்துச்சேக்கா. நல்லா வந்துட்டு இருந்துச்சே..."

"இனிமே?"

"இப்படி இறுகிட்டா அப்புறம் கஷ்டம். நான் பாக்கறேன். ஆனா நம்பிக்கை சொல்ல மாட்டேன்."

"கை வந்து அவர் எந்தக் கோட்டையைப் பிடிக்கப் போறார்? விடுங்க" என்றாள் டெய்லரக்கா. குரல் அவள் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. ஒன்-டூ அம்மா அவளையும் கையில் இருந்த உறையையும் மாறி மாறிப் பார்த்தாள். உறையை மடித்து மேசைமேல் வைத்துவிட்டு, டீகூடக் குடிக்காமல் போய்விட்டாள்.

இனிப் பயமில்லை. அன்று சாயங்காலமே கட்டிலைப் பழையபடி ஜன்னலோரம் இழுத்துப் போட்டாள், தலைமாட்டைத் தலைமாடாக்கினாள். அதைக் கருணை என்றுதான் அவள் நினைத்துக்கொண்டாள். அவன் தோட்டத்தைப் பார்த்தான். மொட்டைத் தண்டுகளுக்கு நடுவே ஓர் அதிசயம் நடந்திருந்தது. தலை போன சூரியகாந்திகள் பக்கக் கிளை விட்டு, கிண்ணம் அளவில் சின்னச் சின்னதாக மறுபடி பூத்திருந்தன. எண்ணி ஒன்பது பூ. கிளை வளைந்த வாக்கில் ஒன்று மட்டும் கம்பியை ஒட்டி, முகத்தை ஜன்னல் பக்கம் காட்டிக்கொண்டு நின்றது.

"பாத்தியா, ஒண்ணு உன்னைப் பாக்குது" என்றாள். எதற்காகச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

மறுநாள் விடியலில் விழிப்பு வந்துவிட்டது. போர்வைக்குள் கிடந்தாள். தோட்டத்தில் கீச்சுக் கீச்சென்று சத்தம். முதலில் ஒன்று, பிறகு கூட்டமாக. காதைக் கூர்மையாக்கிக்கொண்டு காத்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான், தான் எதற்காகக் காத்திருக்கிறோம் என்பது அவளுக்கு உறைத்தது.

எழுந்து ஓடினாள். சமையலறை மேல் தட்டில் எட்டி டம்ளரை எடுத்தாள். நடு அறையில் மெக்கானிக் கண்ணைத் திறந்துகொண்டு கிடந்தான். முகத்துக்கு ஒரு முழத் தூரத்தில், அவனைப் பார்த்த அந்த ஒரே பூவின்மேல் ஒரு கிளி உட்கார்ந்து, நிதானமாக இதழ் இதழாகக் கிழித்துப் போட்டுக்கொண்டிருந்தது. அவன் கிளியைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தான். கண்ணில் தண்ணீர் இல்லை.

மடங்கிய விரல்களைப் பிரித்து டம்ளரைத் திணித்தாள். அது நழுவியது. அவன் கையைத் தன் இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்து, கம்பியருகே தூக்கினாள்.

"தட்டுங்க" என்றாள். "கிளி வந்திருக்குங்க. தட்டுங்களேன்."

கையை விட்டாள். கை அப்படியே விரிப்பில் விழுந்தது. டம்ளர் உருண்டு, கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே தரையில் விழுந்து, சத்தம் போட்டுக்கொண்டே போய் நின்றது. கிளி ஒரு தடவை தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, மறுபடி பூவைத் தின்ன ஆரம்பித்தது.